நரை மறைக்கும் சாயம்: வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு



தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது தோட்டத்து வீடுகளின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். குழாயடியில் ஒரு பெரியவர் பனியனோடு முக்காலியில் உட்கார்ந்திருப்பார். தோளில் பழைய துண்டு. கையில் முகம் பார்க்கும் கண்ணாடி. அவருடைய மகள் தேய்ந்துபோன பல் துலக்கும் பிரஷை எடுத்து, கிண்ணத்தில் குழைத்து வைத்த கரும்பசையைத் தொட்டுத் தொட்டு அவர் காதோர நரையில் பூசிக்கொண்டிருப்பாள். "அப்பா, தலையை ஆட்டாதீங்க, நெத்தியிலே ஒட்டிக்கும்" என்று அதட்டலும் நடக்கும். அரை மணி நேரத்தில் பெரியவர் பத்து வயது குறைந்து எழுந்திருப்பார்.

அதே வீட்டில் படித்துவிட்டுப் பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளை ஒருவர் இருந்தால் அவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். "இதையெல்லாம் வீட்டில் செய்யக்கூடாது, கடைக்கு வாருங்கள், கூடக் கொஞ்சம் காசு ஆனாலும் அங்கேதான் பாதுகாப்பு" என்பார். பெரியவரோ, "இருபது வருஷமா இதே பொடிதான், எனக்கு என்ன ஆச்சு?" என்பார். இருவரில் யார் சொல்வது சரி? இந்தச் சாயம் எங்கே பிறந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற கதையைத் தெரிந்துகொண்டால், இரண்டு பேச்சுமே பாதி சரி, பாதி தவறு என்பது விளங்கும்.

நரையை மறைக்கும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தை ஆண்ட இரண்டாம் ராமசேஸ் மன்னன் தொண்ணூறு வயதை ஒட்டி வாழ்ந்து இறந்தவன். பதப்படுத்தி வைத்த அவனுடைய உடல் 1976-ஆம் ஆண்டில் பாரிஸ் நகருக்குக் கொண்டுபோய் ஆராயப்பட்டது. கிழவனான அந்த மன்னனின் தலைமுடிக்கு மருதாணி இட்டு நிறமேற்றியிருந்தார்கள். நம் பெண்கள் விரலில் வைத்துக்கொள்கிறார்களே, மலாய்க்காரர்கள் இனாய் என்கிறார்களே, அதே இலைதான். மருதாணியில் உள்ள நிறப்பொருள் நகத்தையும் முடியையும் ஒரே மாதிரி பற்றிக்கொள்ளும். ஏனென்றால் நகமும் முடியும் கெராட்டின் என்ற ஒரே சத்தால் ஆனவை. ஆனால் மருதாணி தருவது செம்மஞ்சள் நிறம். கறுப்பு வேண்டுமென்றால் மருதாணி வைத்துக் கழுவிய பிறகு அவுரி இலைப்பொடியைக் குழைத்துப் பூச வேண்டும். சிவப்பின் மேல் நீலம் ஏறி, பார்ப்பதற்குக் கறுப்பாகிவிடும். நம்முடைய பழைய வீட்டு வைத்தியத்தில் அவுரிக்கு இடம் உண்டு என்பது பாட்டிமாருக்குத் தெரியும்.

இலைதழையோடு நின்றிருந்தால் வம்பில்லை. ரோமாபுரியில் பிளினி என்ற அறிஞர் எழுதி வைத்திருக்கும் முறையைக் கேளுங்கள். அட்டைப்பூச்சிகளைப் பிடித்து, ஈயப் பாத்திரத்தில் காடியோடு சேர்த்துப் பல வாரம் அழுக விட்டு, அந்தக் குழம்பை வெயிலில் நின்று தலையில் தடவிக்கொள்ள வேண்டுமாம். தடவும்போது வாயில் எண்ணெயை அடக்கிக்கொள்ளவில்லை என்றால் பல்லும் கறுத்துப்போகும் என்று எச்சரிக்கை வேறு! நம் தோட்டத்து அட்டைகளை நினைத்துப் பார்த்தால் உடம்பு கூசுகிறது. ஓவிட் என்ற ரோமக் கவிஞர், வீட்டில் சாயம் போட்டுப் போட்டுத் தலைமுடி கொட்டிப்போன தம் காதலியைப் பற்றி ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். இது யார் செய்த சூனியமும் இல்லை, நீயே கலந்த மருந்தின் வேலை என்று அதில் கடிந்துகொள்கிறார். ஆக, வீட்டுச் சாயத்தால் வந்த வினை இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது.

இன்று நாம் பூசும் சாயத்தின் கதை தொடங்குவது லண்டனில், 1856-ஆம் ஆண்டில். அதற்கும் நம் முன்னோர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மலைக்காய்ச்சல் என்ற மலேரியா, காடு வெட்டித் தோட்டம் போட்ட காலத்தில் நம்மவர்களைக் கொத்துக் கொத்தாய்க் கொண்டுபோன நோய். அதற்கு மருந்து கொயினா. தோட்டத்தில் வரிசையில் நிற்க வைத்து அந்தக் கசப்பை வாயில் ஊற்றிய கதையைத் தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கொயினா ஒரு மரப்பட்டையிலிருந்து எடுப்பது. விலை அதிகம், கிடைப்பதும் அரிது. அதை நிலக்கரித் தாரிலிருந்து செயற்கையாகச் செய்துவிட முடியுமா என்று வில்லியம் பெர்க்கின் என்ற மாணவர் முயன்றார். அப்போது அவருக்கு வயது 18. கொயினா வரவில்லை, கண்ணாடிக் குடுவையின் அடியில் கறுப்பாய் ஒரு கசடுதான் மிஞ்சியது. அதைக் கழுவி எறியப் போனவர், அதிலிருந்து அழகான ஊதா நிறம் இறங்குவதைக் கண்டார். உலகின் முதல் செயற்கைத் துணிச்சாயங்களில் ஒன்று அப்படிப் பிறந்தது.

பெர்க்கினின் ஆசிரியர் ஹோஃப்மன் என்ற ஜெர்மானிய அறிஞர். தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களை ஒவ்வொன்றாய் ஆராய்ந்துவந்த அவர், 1863-இல் ஒரு பொருளைப் பற்றி எழுதினார். அதன் பெயர் பாராபெனிலின் டயமின். வாயில் நுழையாத பெயராக இருப்பதால் சுருக்கமாகப் பி.பி.டி. என்று சொல்வோம். சாயப் பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலில் இந்தப் பெயரை நீங்கள் தேடிப் பார்க்க வேண்டும். இன்றைய பேச்சின் நாயகனும் இதுதான், வில்லனும் இதுதான்.

பி.பி.டி. தனியாக இருக்கும்போது பெரிய நிறமெதுவும் இல்லாத பொருள். ஆனால் உயிர்வளி அதோடு சேர்ந்தால் கறுத்துப்போகும். இந்தக் குணத்தைப் பயன்படுத்தி முடிக்குச் சாயமிடலாம் என்று 1883-இல் பிரான்சு நாட்டில் உரிமப் பத்திரம் எடுத்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற திரவம் முடியை வெளுக்கவைக்கும் என்பதையும் அதற்கு முன்பே, 1867-இல் பாரிஸில் நடந்த பெரிய கண்காட்சியில், ஒரு லண்டன் மருந்துக்கடைக்காரரும் ஒரு பாரிஸ் முடியலங்காரக்காரரும் செய்து காட்டியிருந்தார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் இன்றைய நிரந்தரச் சாயம்.

அது எப்படி நிலைத்து நிற்கிறது என்பதைச் சொல்ல நம் தோட்டத்திலேயே உவமை இருக்கிறது. பால் மரத்தில் வெட்டிக் கொண்டுவந்த பால் தண்ணீராய் ஓடுகிறது. வடிகட்டியில் ஊற்றினால் வடிந்துவிடுகிறது. அதே பாலில் அளவோடு அமிலத்தைக் கலந்துவிட்டால், சற்று நேரத்தில் உறைந்து கட்டியாகிவிடுகிறது. பிறகு எந்த வடிகட்டியிலும் இறங்காது. முடிச்சாயமும் இதைப் போலத்தான். முடியின் மேல் மீன் செதிலைப் போல ஓர் உறை உண்டு. சாயத்தில் சேர்க்கும் அம்மோனியா அந்தச் செதில்களை உப்பித் திறக்கச் செய்கிறது. பி.பி.டி. மிகச் சிறிய துகள்; திறந்த வழியாக உள்ளே போய்விடுகிறது. பெராக்சைடும் பின்னாலேயே போகிறது. உள்ளே இரண்டும் கலந்ததும், சிறிய துகள்கள் ஒன்றோடொன்று கைகோத்துப் பெரிய துகள்களாகிக் கறுக்கின்றன. வந்த வழியே திரும்பிப் போக முடியாத அளவுக்குப் பெருத்துவிடுகின்றன. எத்தனை தடவை ஷாம்பு போட்டாலும் சாயம் போகாததன் இரகசியம் இதுதான். வேர்ப்பக்கம் புதிதாய் வளரும் முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். அதில் சாயம் இல்லை. ஆகவேதான் நான்கைந்து வாரத்தில் வகிட்டில் வெள்ளைக்கோடு தெரிகிறது.

இனி கடைக்கு வருவோம். 1907-ஆம் ஆண்டில் பாரிஸில் யூஜீன் ஷுவெல்லர் என்ற இளம் இரசாயன நிபுணர் ஒரு முடிச்சாயத்தை உருவாக்கினார். ரொட்டிக்கடை வைத்திருந்த பெற்றோரின் பிள்ளை. இரவில் தம் வீட்டுச் சமையலறையிலேயே சாயத்தைக் காய்ச்சுவார். பகலில் அதைத் தூக்கிக்கொண்டு முடியலங்காரக் கடை கடையாய் ஏறி இறங்குவார். 1909-இல் நிறுவனம் தொடங்கியபோது, தீங்கற்ற முடிச்சாயங்களின் பிரெஞ்சு நிறுவனம் என்ற பொருள்படப் பெயர் வைத்தார். இன்று லோரியல் என்று உலகமெங்கும் வழங்குவது அதுதான். பெயரிலேயே 'தீங்கற்ற' என்று போட வேண்டியிருந்தது என்றால், அந்தக் காலத்தில் முடிச்சாயத்திற்கு என்ன பெயர் இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனி போன்ற நாடுகள் பி.பி.டி. கலந்த முடிச்சாயத்தைத் தடை செய்தே வைத்திருந்தன.

ஷுவெல்லர் தம் சரக்கை வீடுகளுக்கு விற்கவில்லை, கடைக்காரர்களுக்குத்தான் விற்றார். அதற்குக் காரணம் உண்டு. இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கலக்க வேண்டும், நேரம் பார்க்க வேண்டும், வெளுக்க வைத்துப் பிறகு நிறமேற்ற வேண்டும். இதற்குப் பழகிய கை தேவைப்பட்டது. இப்படி, பல ஆயிரம் ஆண்டுகளாக வீட்டில் இருந்த ஒரு வேலை, ஐம்பது ஆண்டுக்குள் கடைக்காரர் கைக்குப் போயிற்று. வீட்டுச் சமையலறையில் காய்ச்சிய சரக்குதான் அதைக் கடைக்கு அனுப்பியது என்பது ஒரு வேடிக்கை.

கடையிலிருந்து திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்கர்கள். லாரன்ஸ் கெல்ப் என்பவரும் அவர் மனைவி ஜோனும் 1931-இல் ஐரோப்பாவில் கண்ட ஒரு சாயத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து கிளேரால் என்ற பெயரில் விற்றார்கள். 1950-இல் அவர்களுடைய நிறுவனம், வெளுப்பதையும் நிறமேற்றுவதையும் ஒரே தடவையில் முடித்துவிடும் சாயத்தை வெளியிட்டது. முன்பு பல படிகளாகச் செய்த வேலை அரை மணிக்குள் அடங்கிவிட்டது. 1956-இல் அதையே வீட்டில் போட்டுக்கொள்ளும்படி பெட்டியில் அடைத்தார்கள். அப்போது சாயம் பூசும் பெண்ணைச் சமூகம் நல்ல கண்ணால் பார்க்கவில்லை. ஆகவே ஷெர்லி பொலிகோஃப் என்ற பெண் விளம்பரம் எழுதினார். இவள் சாயம் பூசுகிறாளா இல்லையா என்று பார்ப்பவருக்கே தெரியாது என்பது அதன் சாரம். பக்கத்தில் ஒரு குழந்தையோடு குடும்பப் பாங்கான தாயாரின் படம். வெட்கப்பட்டவர்கள் கடைக்குப் போகாமல் வீட்டிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு பூசிக்கொள்ள வழி பிறந்தது.

ஆனால் வெள்ளைக்காரர்களின் கதை பழுப்பு முடியைப் பொன்னிறமாக்கும் கதை. நம் கதை அதுவல்ல. நமக்கும் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் ஜப்பானியருக்கும் பிறவியிலேயே கருமுடி. நரைத்ததைத் திரும்பக் கறுப்பாக்கினால் போதும். பெரிய வெளுப்பு வேலையும் வேண்டாம், பத்து விதமான நிறங்களும் வேண்டாம். இதைச் சரியாகக் கணக்கிட்டவர்கள் ஜப்பானியர். நாகோயா நகரத்து ஹோயூ நிறுவனம் 1957-இல் பிகென் என்ற பொடியை வெளியிட்டது. அதில் இரண்டாவது புட்டியே கிடையாது. பொடியைத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் போதும். தண்ணீர் பட்டவுடன் உயிர்வளியை விடும் உப்பைப் பொடியிலேயே கலந்து வைத்துவிட்டார்கள். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடியும் இல்லை. கிண்ணமும் தண்ணீரும் பழைய பிரஷும் இருந்தால் யாரும் செய்யலாம். நம் ஊர்ச் சந்துக்கடைவரை அந்தப் பொடி வந்து சேர்ந்ததற்கும், குழாயடிப் பெரியவர் பத்து வயது குறைந்ததற்கும் இந்த எளிமைதான் காரணம்.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாயம் எளிதாயிற்று, பி.பி.டி. மாறவில்லை. கடைக்காரர் கையில் இருந்தபோது அதோடு கொஞ்சம் அனுபவமும் இருந்தது. பெட்டியில் அடைத்து வீட்டுக்கு அனுப்பியபோது அந்த அனுபவத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் அச்சடித்து உள்ளே மடித்து வைத்தார்கள். அந்தக் காகிதத்தை நாம் என்ன செய்கிறோம்? பிரித்ததும் தூக்கிப் போடுகிறோம். அல்லது பூசும்போது சட்டையில் கறை படாமல் இருக்க விரித்துக்கொள்கிறோம்.

அந்தக் காகிதத்தில் உள்ள ஒரு வரி சும்மா வந்ததல்ல. கண்ணைக் கொடுத்து வாங்கியது. 1933-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைச்சாயம் விற்பனைக்கு வந்தது. அதில் பி.பி.டி. வகைச் சாயம் இருந்தது. அழகு நிலையத்தில் இமையில் பூசிக்கொண்ட பெண்கள் சிலருக்குக் கண்ணில் புண் வைத்துப் பார்வை போயிற்று. ஓர் உயிரும் போயிற்று. அப்போதிருந்த சட்டத்தில் அழகுப் பொருள்களைத் தடுக்க வழியே இல்லை. மக்கள் கொதித்ததன் விளைவாக 1938-இல் அமெரிக்காவில் புதுச் சட்டம் வந்தது. ஆனால் தாரிலிருந்து செய்யும் முடிச்சாயத்தை மட்டும் அந்தச் சட்டம் விட்டுவைத்தது. ஒரே நிபந்தனை: முதலில் தோலில் தடவிச் சோதித்துப் பார்க்க வேண்டும், புருவத்திலும் இமையிலும் பூசினால் பார்வை போகலாம் என்று பெட்டியில் எழுதிவிட வேண்டும். எழுதினால் விற்கலாம். படிப்பதும் சோதிப்பதும் வாங்குபவரின் பாடு. மற்ற நாடுகளின் சாயப் பெட்டிகளிலும் இதே எச்சரிக்கைதான் இருக்கிறது. நம் நாட்டில் 2008-ஆம் ஆண்டிலிருந்து அழகுப் பொருள்களைப் பற்றி அரசாங்கத்திடம் முன்கூட்டி அறிவித்துவிட்டுத்தான் விற்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு பெட்டியையும் அதிகாரி ஒருவர் திறந்து பார்த்து அனுப்பினார் என்று எண்ணிவிடக் கூடாது.

அப்படியானால் பட்டணத்துப் பிள்ளை சொன்னதுபோல் கடைதானே நல்லது? எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் அக்காள் மகள், அவளுடைய அண்ணன் கல்யாணத்திற்காகப் பட்டணத்தில் ஓர் அழகு நிலையத்திற்குப் போனாள். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், சுழல் நாற்காலி. ஊர் பெயர் வேண்டாம், கடை பெயரும் வேண்டாம். முதன்முதலாய்ச் சாயம் பூசிக்கொள்கிறாள். பூசியவர் எதுவும் கேட்கவில்லை. இவளும் எதுவும் சொல்லவில்லை. அன்று இரவு தலை அரித்தது. மறுநாள் நெற்றியும் காதும் தடித்தன. அதற்கு மறுநாள், அதாவது பரிசம் போடும் நாளன்று, இரண்டு கண்ணும் திறக்க முடியாதபடி முகம் வீங்கிவிட்டது. மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி எங்களைத் திகைக்க வைத்தது. "எப்போதாவது கறுப்பு மருதாணி வைத்திருக்கிறாயா, அம்மா?" என்றார். பள்ளியில் படிக்கும்போது ஒரு சந்தையில் கை நிறைய வைத்துக்கொண்டதும், அந்த இடமெல்லாம் கொப்பளித்து ஆறியதும் அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மருதாணி கறுப்பாக இருக்காது, நேயர்களே. அது சிவக்கும். அரை மணியில் கறுக்கும் மருதாணி என்று யாராவது விற்றால், அதில் பெரும்பாலும் கலந்திருப்பது பி.பி.டி.தான். ஐரோப்பாவில் தலையில் பூசும் கலவையில் 2 விழுக்காட்டுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்று விதி. தோலில் பூசவோ அனுமதியே இல்லை. கறுப்பு மருதாணியில் அதைவிடப் பன்மடங்கு இருந்ததாக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதுவும் மணிக்கணக்கில் தோலிலேயே ஊறுகிறது. உடம்பு அந்தப் பொருளை ஒரு முறை எதிரி என்று குறித்து வைத்துக்கொண்டால் பிறகு மறப்பதே இல்லை. அடுத்த முறை தலையில் பட்டவுடன் படையெடுக்கிறது. சிலருக்கு இந்தப் பகை இரண்டாவது தடவையில் வரும். சிலருக்கு நாற்பதாவது தடவையில் வரும். "இருபது வருஷமா எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பது இருபத்தோராம் வருஷத்திற்கு உத்தரவாதம் ஆகாது.

ஆக, அந்தக் கண்ணாடிக் கதவு என் அக்காள் மகளைக் காப்பாற்றவில்லை. கடையானாலும் வீடானாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுச் சோதிக்க வேண்டியதைச் சோதித்திருந்தால் காப்பாற்றியிருக்கும். வாரம் முழுதும் வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும் கடையில், "இரண்டு நாள் முன்னதாக வந்து சோதனை செய்துகொண்டு போங்கள்" என்று சொல்பவர்கள் குறைவு. கேட்பவர்கள் அதைவிடக் குறைவு.

கடைக்கு உள்ள உண்மையான அனுகூலத்தையும் சொல்லத்தான் வேண்டும். கடையில் பெராக்சைடு பல வீரியங்களில் இருக்கும்; 3 விழுக்காடு, 6, 9, 12 என்று. நரையை மறைக்க எது போதும், பழைய சாயத்தை வெளுக்க எது வேண்டும் என்று பழகியவருக்குத் தெரியும். வேரில் வளர்ந்த புதுமுடிக்கு மட்டும் பூசுவார். நாம் வீட்டில் நுனிவரை இழுத்துப் பூசிப் பூசி, ஏற்கெனவே சாயமேறிய முடியை வைக்கோல் ஆக்கிவிடுகிறோம். கருமுடியைச் செம்பட்டையாக்க வேண்டும் என்று ஆசைப்படும் இளைஞர்கள் வீட்டில் கை வைக்காமல் இருப்பதே மேல். வெளுக்கும் வேலையில் தலைத்தோல் வெந்துபோகும் ஆபத்து உண்டு. வெறும் நரை மறைக்க மட்டும் என்றால், சோதித்துப் பார்த்த பொடியை நிதானமாய் வீட்டில் பூசுவதில் குறைவொன்றும் இல்லை என்பது என் கருத்து.

கடையைப் பற்றிப் பேசும்போது நாம் மறந்துவிடும் ஒருவர் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசினோம். பின்னால் நின்று பூசுபவரைப் பற்றிப் பேசவில்லை. நாம் மாதம் ஒரு தடவை சாயத்தைத் தொடுகிறோம். அவர் தினமும் தொடுகிறார். அதன் ஆவியைத் தினமும் சுவாசிக்கிறார். 1975-இல் அமெரிக்காவில் புரூஸ் ஏம்ஸ் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் 169 முடிச்சாயங்களை நுண்ணுயிர்கள்மேல் சோதித்தபோது, 150 சாயங்கள் அந்த உயிர்களின் மரபுப் பொருளை மாற்றக்கூடியவை என்று கண்டார்கள். பெரும் பரபரப்பு உண்டாயிற்று. அதன் பிறகு சில இரசாயனங்களை நிறுவனங்கள் கைவிட்டன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2008-இல் கூடி எல்லாவற்றையும் அலசியது. வீட்டிலோ கடையிலோ தனக்குப் பூசிக்கொள்பவருக்குப் புற்றுநோய் வரும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. ஆனால் முடிதிருத்தும் தொழிலையும் முடியலங்காரத் தொழிலையும், புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடிய தொழில்களின் வரிசையில் வைத்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அதற்கு முக்கியமான காரணம். அமெரிக்கத் தாதியர் 117,200 பேரை 36 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியிட்ட ஆய்விலும், தமக்குத்தாமே சாயம் பூசிக்கொண்டவர்களுக்குப் பெரும்பாலான புற்றுநோய்கள் கூடியதாகத் தெரியவில்லை. ஒருசில வகைகளில் மட்டும் சிறிது ஏற்றம் தென்பட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போன நம் பிள்ளைகளில் பலர் இந்தத் தொழிலுக்குப் போயிருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் அழகுக்கலைப் பயிற்சி பெற்றுச் சிறு கடை வைக்கிறார்கள். செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் அம்மாவுக்குக் கையுறையும் முகமூடியும் வேண்டும் என்று எத்தனை ஆண்டு பேசியிருக்கிறோம்! மகள் கடையில் கையுறை இல்லாமல் சாயம் பூசுகிறாளா என்று அம்மா ஒரு வார்த்தை கேட்கலாம். முடியலங்காரத் தொழிலாளர்களுக்குக் கையில் கரப்பான் வருவது உலகமெங்கும் காணப்படும் தொழில்நோய். சாயம் பூசும்போது மட்டுமல்ல, பூசிய தலையை அலசும்போதும் கையுறை வேண்டும். ஒரு முறை போட்டதைக் கழற்றி, திருப்பி மறுபடி போட்டுக்கொள்ளக் கூடாது. உள்பக்கத்தில் சாயம் சேர்ந்துவிடும். அறையில் காற்றோட்டமும் வேண்டும்.

வீட்டில் பூசுபவர்களுக்கும் சில செய்திகள். கிண்ணம் பிளாஸ்டிக்காகவோ பீங்கானாகவோ இருக்கட்டும். உலோகக் கிண்ணம் ஆகாது. கலந்ததில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடுங்கள். மூடி வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து புட்டி வெடிக்கக்கூடும். தலையில் புண்ணோ கீறலோ இருந்தால் ஆறும்வரை பொறுங்கள். புருவத்தில் பூசவே பூசாதீர்கள். மீசை விஷயத்தில் ஆண்கள் என் பேச்சைக் கேட்கப் போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் அந்த இடத்துத் தோல் மெல்லியது என்பதைச் சொல்லி வைக்கிறேன். எல்லாவற்றிலும் முக்கியம், பொடியைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைப்பது. பி.பி.டி. வயிற்றுக்குள் போனால் சில மணி நேரத்தில் முகமும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைக்கும். அதன் பின் தசையும் சிறுநீரகமும் கெடும். இந்தியாவிலும் சூடான் நாட்டிலும் எத்தனையோ உயிர்கள் இப்படிப் போயிருக்கின்றன. தவறி ஒரு சிட்டிகை உள்ளே போனதாகச் சந்தேகம் வந்தாலும், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கடைசியாக அந்தச் சோதனை. பெட்டிக்குப் பெட்டி முறை சற்று மாறும் என்பதால் உள்ளே இருக்கும் காகிதத்தில் சொன்னபடியே செய்யுங்கள். பொதுவாக, சொட்டளவு சாயத்தைக் காதின் பின்புறத்திலோ முழங்கையின் உள்மடிப்பிலோ ஒரு காசளவு தடவிக் காயவிட்டு, 48 மணி நேரம் கழுவாமல் பார்க்க வேண்டும். அரிப்போ சிவப்போ கொப்புளமோ எழுந்தால் அந்தச் சாயம் உங்களுக்கு இல்லை. முன்பு கறுப்பு மருதாணி வைத்துப் புண்ணானவர்கள் இந்தச் சோதனையைக்கூடச் செய்ய வேண்டாம். டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. சோதனை ஒவ்வொரு தடவையும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்றால் சனிக்கிழமை சாயம் பூசுவோம். அப்படியானால் வியாழக்கிழமை காலையில் பெரட்டுக்குப் போகும் முன்பே காதின் பின்னால் ஒரு பொட்டு வைத்துவிட வேண்டும். கடையில் பூசிக்கொள்பவர்களும் அன்றைக்கே ஒரு நடை போய் வைத்துக்கொண்டு வரலாம். இடையில் ஒரு நாள் நாளிதழ் வாசிக்கும் பக்கத்து வீட்டுக்காரர், "என்ன அண்ணே, காதுக்குப் பின்னால மை?" என்று கேட்டால், திருஷ்டிப் பொட்டு என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

என் அக்காள் மகள் கல்யாணப் படத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறாள். இப்போது வகிட்டில் நாலைந்து வெள்ளை முடி தெரிகிறது. அவள் அதைத் தொடுவதில்லை.